இருபது மணி நேரமும் ஒரு வாளி சொதியும்

ஜனவரி 14, புதன்

பிரம்மநாயகம் மாமா வீட்டுக் கல்யாணத்தின் மறுவீட்டு விருந்தில் சொதியை நான் பரிமாறுவது என்று இன்று மாலை ஆறு நாற்பதுக்கு ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது. கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து மூன்று பேர் கைபேசி வழியாகக் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கடைசிவரை தலைகீழாகவே தெரிந்தார். அவருடைய வாக்கும் செல்லும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

பின்னாளில் இதைப் படிக்கக்கூடியவர்களுக்காகச் சில விவரங்கள். நான் குற்றாலநாதன். இங்கிலாந்தின் வடக்கே ஹார்டன்பி என்ற ஊரில் பொது நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். என் ஆய்வேடு, அரசுப் படிவங்களில் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றியது. மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இதே ஊரில் பல் மருத்துவர். சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்வது, எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சாம்பாரின் இடத்தில் வருவது. மாமா வீட்டு வழக்கப்படி சாம்பாரை யாரும் ஊற்றலாம். சொதியை உறவுக்காரன்தான் ஊற்ற வேண்டும்.

"சொதி ஊத்துதவன் கையப் பாத்துத்தாம்டே சம்பந்தி வீட்டுக்காரன் நம்மள எடபோடுவான்" என்றார் மாமா.

"குத்தாலம் நெதானமாப் போவான்" என்றார் லோகநாயகி அத்தை. "போன தடவ உங்க தம்பி ஊத்துன லெச்சணத்ததான் பாத்தமே. இலையில பாதி, மடியில பாதி."

மாமாவின் தம்பிதான் தலைகீழாகத் தெரிந்தவர். அவர் மறுப்புத் தெரிவித்தார். குறிப்பில் ஏற்றப்படவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

சூப்பர்மார்க்கெட்டில் நான்கு மணி நேரம் தக்காளி டப்பா அடுக்கினேன்.

ஜனவரி 23, வெள்ளி

இந்த வாரத்துக்கான இருபது மணி நேரம் இன்றோடு முடிந்தது. வெளிநாட்டு மாணவன் பாடம் நடக்கும் பருவக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். இருபதாவது மணி முடிந்தபோது என் கையில் ஒரு டப்பா இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததாக நினைக்கிறேன்.

மாலையில் அறைத்தோழன் ஸ்டீபன் தட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொடுக்க, வாளியில் தண்ணீரை எடுத்துப் பயிற்சி செய்தேன். ஸ்டீபன் தூத்துக்குடிக்காரன், கடல் உயிரியல் படிக்கிறான். ஏழு தட்டில் மூன்றில் விழுந்தது.

"ஏல, இது விருந்தா, ஞானஸ்நானமா?" என்றான்.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று மாமா மகளுக்குக் கல்யாணம், இன்று மறுவீடு. இரண்டும் ஊர் நடுவிலுள்ள சமுதாயக்கூடத்தில். மண்டபம் கிடைத்த நாளே முகூர்த்தம் என்று சோதிடர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டிருந்தார்.

கூடத்தின் விதிப்படி உணவைத் தொடுகிறவர்கள் ஏப்ரன் அணிய வேண்டும். சோறும் பாத்திரமும் கொண்டுவந்திருந்த யாழ்ப்பாணத்து யோகேஸ்வரன் அண்ணர், 'தாளிப்பு கேட்டரர்ஸ்' என்று நெஞ்சில் எழுதிய சிவப்பு ஏப்ரன் ஒன்றை நீட்டினார்.

"இதைப் போட்டுக்கொள்ளும் தம்பி. இல்லாட்டி ஹோல்காரர் வந்து சண்டை பிடிப்பார்."

பட்டுவேட்டிக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டேன். நூற்று எண்பது பேர், மூன்று பந்தி. ஒரு மடியிலும் சிந்தவில்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மாமா அதைக் கண்ணால் எனக்குச் சுட்டிக்காட்டினார். உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து வந்த இளைஞர் என்னைப் படம் எடுத்தார். புறப்படும்போது எல்லோருக்கும் போல எனக்கும் தாம்பூலப் பை கிடைத்தது. தேங்காய், வெற்றிலை, ஒரு சிறிய குங்குமச் சிமிழ்.

ஜனவரி 29, வியாழன்

பத்திரிகையில் நான்காம் பக்கத்தில் என் படம். 'சுவையைக் கொண்டுவரும் உள்ளூர் உணவு நிறுவன ஊழியர்' என்று அடியில் எழுதியிருந்தது. அம்மா அதை ஐந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினாள். அவற்றில் ஒன்று அபார்ட்மென்ட் தண்ணீர்ப் பிரச்சினைக்கான குழு.

பிப்ரவரி 2, திங்கள்

பல்கலைக்கழகத்தின் விசா இணக்கப் பிரிவிலிருந்து கடிதம். திருமதி மார்கரெட் ஓல்டிங் என்பவர் எழுதியிருக்கிறார். மொழி அருமை, தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. இருபது மணி நேரம் முடித்த வாரத்திலேயே நான் வேறொரு நிறுவனத்தில் பணிபுரிந்ததாகத் தெரிகிறது. விளக்கம் தேவை. அது வேலைதான் என்று விசாரணைக் குழு முடிவு செய்தால், விதிமீறலாகக் கருதி என் விசாவுக்கான ஆதரவைப் பல்கலைக்கழகம் விலக்கிக்கொள்ளும். அதன்பின் நாட்டைவிட்டு வெளியேற வழக்கமாக அறுபது நாள்.

சம்பளம் வாங்கவில்லையே என்று வாதிடப் பயனில்லை. விதியைப் படித்தேன். ஊதியமில்லாத வேலையும் வேலையே. தன்னார்வத் தொண்டு மட்டும்தான் வேலையல்ல. இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: வந்தே தீர வேண்டிய கடமை உண்டா, இல்லையா.

ஆய்வேட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. எனக்குக் கவலை ஒன்றுமில்லை.

ஃப்ரீஸரைக் காலி செய்து துடைத்தேன். சுத்தம் நல்லது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கடிதத்துடன் வந்த படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஸ்டீபனிடம் காட்டினேன்.

"படத்துல இருக்கது நான் இல்ல, என் அண்ணன்னு எழுது" என்றான்.

"எனக்கு அண்ணன் கிடையாதே."

"அவங்களுக்கு அது தெரியுமா?"

படிவத்தில் பொய் எழுதுவது, படிவங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவனுக்கு அழகல்ல. உண்மையையே எழுதினேன். இந்தச் செயலைச் செய்யும் கடமை உமக்கு இருந்ததா? இருந்தது. கேள்வி ஐந்து, உமக்குப் பதில் வேறொருவர் செய்திருக்க முடியுமா? முடியாது, மாமாவின் தம்பி சிந்துவார். செய்யத் தவறியிருந்தால் விளைவு உண்டா? உண்டு, இணைப்பு 'அ' காண்க. இணைப்பில், 1991இல் எங்கள் சொக்கலிங்கம் தாத்தா ஒரு கல்யாணத்தில் ரசம் ஊற்ற வராததையும், அந்த இரண்டு குடும்பங்களும் இன்றுவரை பேசிக்கொள்ளாததையும் ஒன்றரைப் பக்கத்தில் சுருக்கினேன். பொருளாகவோ பிறவாகவோ எதுவும் பெற்றீரா? ஆம். தேங்காய் ஒன்று.

ஸ்டீபன் படித்து முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனான்.

"மக்கா, உன் பெட்டிய எங்க வச்சிருக்க?" என்றான் கடைசியில்.

பிப்ரவரி 5, வியாழன்

அம்மா கூப்பிட்டாள். பத்திரிகையில் வந்த படத்தைப் பல்கலைக்கழகமும் கவனித்திருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. அம்மாவுக்கு மிகவும் சந்தோஷம்.

பிப்ரவரி 9, திங்கள்

திருமதி ஓல்டிங்கின் அறையில் நேர்காணல். ஐம்பது வயதைக் கடந்தவர். மேசையில் ஒரு பேனா, ஒரு கோப்பு, ஒரு கள்ளிச்செடி. என் பதில்களை மஞ்சள் கோடிட்டு வைத்திருந்தார். கோடு போடாத வரி அதிகமில்லை.

"இத்தனை முழுமையாக நிரப்பிய படிவத்தைப் பதினெட்டு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை" என்றார்.

நன்றி சொன்னேன்.

"அது பாராட்டு அல்ல, மிஸ்டர் நாதன். கடமை இருந்தது என்கிறீர்கள். ஒப்பந்தம் எதுவும் உண்டா?"

"எழுத்தில் இல்லை. உறவில் இருக்கிறது."

"யாரோடு?"

"எல்லோரோடும்."

அவர் எழுதிக்கொண்டார். "அந்தத் தேங்காய். பரிமாறியதற்காகக் கொடுத்தார்களா?"

"இல்லை. சாப்பிட வந்த எல்லோருக்கும் கொடுப்பார்கள்."

"சாப்பிட்டவர்களுக்கும் கொடுத்தார்களா? எதற்காக?"

"வந்து சாப்பிட்டதற்காக."

பேனா நின்றது. "அப்படியானால் பரிமாறியவர்கள் ஊழியர்கள் என்றால், சாப்பிட்டவர்களும் ஊழியர்கள்."

"வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை என்பது சரிதான்" என்றேன்.

கோப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அது நல்ல அறிகுறி என்று நினைத்தேன். பிறகு, அது ஊதியத்துக்கான வேலையல்ல என்று விருந்து நடத்தியவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். "நல்லபடியாக எழுதுங்க மாமா" என்றேன். இப்போது யோசித்தால் இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம்.

நூலகப் புத்தகங்கள் பதினொன்றையும் திருப்பிக் கொடுத்தேன். தவணைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

மாமா கடிதத்தை நேற்றே நேராகத் திருமதி ஓல்டிங்குக்கு அனுப்பிவிட்டார். எனக்கு நகல் இன்றுதான் வந்தது. பல் மருத்துவமனையின் முகப்புத் தாளில், கீழே முத்திரையுடன் இருந்தது. தமிழில் தருகிறேன்:

"திரு. குற்றாலநாதன் எங்கள் விழாவில் காலை ஏழு முதல் மாலை நான்கு வரை ஒரு நிமிடம்கூட உட்காராமல் உழைத்தார். அவர் இல்லாமல் விருந்து நடந்திருக்காது. நேரந்தவறாமை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு ஆகியவற்றில் அவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை. எந்த நிறுவனமும் அவரைத் தயங்காமல் பணிக்கு அமர்த்தலாம். ஏப்ரலில் நடக்கும் என் அறுபதாம் கல்யாணத்துக்கும் அவரையே இப்போதே உறுதி செய்துள்ளோம்."

அடியில் அத்தை தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "கூப்பிட்டால் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை."

மாமாவைக் கூப்பிட்டேன்.

"நல்லா எழுதுங்கன்னு சொன்னே. நல்லாத்தானே எழுதிருக்கேன்" என்றார். குரலில் சிறு வருத்தம் இருந்தது. "உனக்கு வேல போட்டுக் குடுக்கப் போறாங்கன்னுல்ல நெனச்சேன்."

"இருக்கிற படிப்பே போகப் போகுது மாமா."

 பின்னால் அத்தை, "நாந்தான் முத்திர வேண்டாம்னு சொன்னேன்" என்பது கேட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

கடிதம் கிடைத்ததாகத் திருமதி ஓல்டிங் எழுதியிருக்கிறார். 'விரிவான ஆதாரம்' என்ற சொற்றொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். குழு மார்ச் 2 அன்று கூடும்.

பெட்டியைச் சும்மா எடைபோட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு கிலோ. விமானக் கணக்கில் ஒரு கிலோ மிச்சம் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 16, திங்கள்

வரும் ஞாயிறு மாமா வீட்டில் புது மணமக்களுக்கு விருந்து. மாமா என்னைக் கேட்காமலே திருமதி ஓல்டிங்கை அழைத்துவிட்டார். "சொன்னா வெளங்காது, உக்காந்து பாத்தாத்தான் வெளங்கும்" என்பது அவர் வாதம். என் தொழில் வாழ்க்கையில் இதைவிட மோசமான யோசனையைக் கேட்க வாய்ப்பில்லை என்று நினைத்தேன்.

திருமதி ஓல்டிங் வருவதாகப் பதில் எழுதிவிட்டார். கள ஆய்வாகப் பதிவு செய்யப்படும். மூன்று நிபந்தனைகள்: விசாரணையில் இருக்கும் மாணவர் அன்று எதையும் பரிமாறக் கூடாது, ஆய்வாளர் எந்த உபசரிப்பையும் ஏற்கமாட்டார், தண்ணீருக்கு மட்டும் விலக்கு உண்டு.

பிப்ரவரி 22, ஞாயிறு

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கையில் கோப்பு, தோளில் பை. பையிலிருந்து தாளில் சுற்றிய சாண்ட்விச் ஒன்றை எடுத்துத் தன் முன்னாலிருந்த இலையின் மேல் வைத்தார். உபசரிப்பை ஏற்கக் கூடாதல்லவா.

அத்தை அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை விவரிக்க என் தமிழ் போதாது.

"ஏ குத்தாலம், அவுகளுக்கு உடம்புக்கு ஏதும் சேராதா?"

"இல்ல அத்தை. விதி."

"என் வீட்டுல, இலையப் போட்டு, ரொட்டியக் கையோட கொண்டாந்து திங்கணும்னு எவன் விதி போட்டான்?"

இதை மொழிபெயர்க்கச் சொன்னார் திருமதி ஓல்டிங். விதியின் தோற்றம் குறித்து அத்தை கேட்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

நாற்பது பேர், ஒரே பந்தி. நான் திருமதி ஓல்டிங்குக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பளம் வந்தது, உருளைக்கிழங்கு வறுவல் வந்தது, இஞ்சிப் பச்சடி வந்தது, சோறு வந்தது. அத்தோடு நின்றது. சொதி வாளி சுவர் ஓரம் ஸ்டூலின் மேல் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாமா வீட்டு வழக்கப்படி அதற்கு நியமிக்கப்பட்டவன் நான். நியமனம் இன்னும் ரத்தாகவில்லை.

எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, சோற்றில் குழி செய்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திருமதி ஓல்டிங் சாண்ட்விச்சைக் கடிக்க எடுத்தவர் கீழே வைத்தார்.

"அவருக்கு ஏன் யாரும் ஊற்றவில்லை?"

"அது என் பொறுப்பு. எனக்குத் தடை."

"வேறு யாராவது?"

"கேள்வி ஐந்து" என்றேன்.

பெரியப்பா குழியைச் சற்று ஆழப்படுத்தினார். பிறகு திருமதி ஓல்டிங்கைப் பார்த்துப் புன்னகை செய்தார். கோபமில்லாத, நம்பிக்கையுள்ள புன்னகை. அவர் எதையும் கேட்கவில்லை.

திருமதி ஓல்டிங் கோப்பை மூடினார். எழுந்தார். ஸ்டூல் வரை போய், வாளியைத் தூக்கிக் கனம் பார்த்தார். "இது எல்லோருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பெரியப்பாவின் குழியில் ஒரு கரண்டி விட்டார். ஒரு துளி வெளியே போகவில்லை. அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

 அத்தை அருகில் போய், அவருடைய இடது கையிலிருந்து கரண்டியை வாங்கி வலது கையில் கொடுத்தார். நாற்பது இலை. இரண்டாம் சுற்றும் போனார். வரிசை முடிவில் ஒருவர் கை காட்டி மறுத்தபோது, "கொஞ்சம்" என்று தமிழில் சொல்லி ஊற்றினார். அந்தச் சொல்லை எப்போது கற்றார் என்று தெரியவில்லை.

"நெதானமாப் போறாவ" என்றார் மாமா என்னிடம். ஜனவரிக் கூட்டத்தில் அத்தை என்னைப் பற்றிச் சொன்ன அதே சொல்.

கடைசியில் அத்தை அவரை உட்கார வைத்து, சாண்ட்விச்சை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, இலை நிறையப் போட்டார். திருமதி ஓல்டிங் நிபந்தனையை நினைவூட்டினார்.

"ஊத்துனவுக சாப்பிடாமப் போவக் கூடாதுன்னு சொல்லு" என்றார் அத்தை.

சொன்னேன். "அது கட்டாயமா?" என்று கேட்டார். கட்டாயம் என்றேன். "வராமலோ சாப்பிடாமலோ போனால்?" இணைப்பு 'அ' என்றேன். கோப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். புறப்படும்போது தாம்பூலப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு, தேங்காயை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி

தக்காளி டப்பா. நான்கு மணி நேரம். கடைசி அரிசியைச் சமைத்தோம். ஸ்டீபன் புது மூட்டை வாங்கலாம் என்றான். திங்கள் வரை பொறுக்கலாம் என்றேன்.

மார்ச் 2, திங்கள்

குழு காலை பத்து மணிக்குக் கூடியது. என்னை வெளியே உட்காரவைத்தார்கள். சுவரில் ஒரு நீர்க்கசிவு ஒட்டகம் மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு அது ஒட்டகம் இல்லை என்று தெரிந்தது.

பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டு முடிவைப் படித்தார்கள். ஆய்வாளரின் அறிக்கைப்படி, மேற்படி நிகழ்வில் உணவிடுபவரோ உண்பவரோ அல்லாத எவரும் காணப்படவில்லை. இரண்டுமாக இருப்பவர்களே பெரும்பாலோர். அது வேலை எனக் கொண்டால், பல்கலைக்கழக அலுவலர் ஒருவரும் அலுவல் நேரத்துக்கு வெளியே நாற்பது நிமிடம் வேலை பார்த்து, தேங்காய் ஒன்று பெற்றவராகிறார். ஆகவே அது வேலையல்ல. வழக்கு முடிக்கப்படுகிறது.

திருமதி ஓல்டிங் மேசையின் மறுபுறம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் தேங்காய் இருந்ததை அப்புறம் அவர் அறையில் பார்த்தேன். அன்பளிப்புப் பதிவேட்டின் எண் எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

"நன்றி" என்றேன்.

"விதி அப்படி" என்றார். பிறகு, "அந்த இஞ்சிப் பண்டத்தை எப்படிச் செய்வது என்று உங்கள் அத்தையிடம் கேட்க முடியுமா?" என்றார்.

நூலகம் போனேன். பதினொரு புத்தகங்கள். வரும் வழியில் இருபது கிலோ அரிசி வாங்கினேன்.

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதற்கு அரை மணி நேரம் திட்டினாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு ஒரு சேல எடுத்து அனுப்பட்டா?" என்று கேட்டாள். பதிவேட்டில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

என் வழக்கின் விளைவாகப் பல்கலைக்கழகம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குடும்ப விருந்துகளில் உணவு பரிமாறும் வெளிநாட்டு மாணவர்கள் இனி குழப்பத்துக்கு ஆளாகாமல் இருக்க, அதற்கென்றே தனிப் படிவம் உருவாக்கப்பட்டுள்ளது. முன் அனுமதி பெற்றால் போதும். எல்லா நாட்டு மாணவர்களும் பயன்படுத்தலாம். கேள்விகள் இருபத்தொன்று, ஆறாவது கேள்வியின் வாசகம் என்னுடைய இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே நிரப்பி அனுப்பினேன். பரிசீலிக்க முப்பது வேலை நாட்கள் ஆகும்.

மாமாவின் அறுபதாம் கல்யாணம் ஏப்ரல் 19.

மார்ச் 15, ஞாயிறு

அறுபதாம் கல்யாண விருந்துக்குப் பரிமாறுவோர் பட்டியல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சோறு: மாப்பிள்ளை. ரசம்: மாமாவின் தம்பி, ஊரிலிருந்து வருகிறார். சொதி: திருமதி ஓல்டிங். குற்றாலநாதன்: முதல் பந்தியில் உட்காரவும்.